உஷார்! ரீஸ்டார்ட் செய்யும் முன் ஒரு நிமிடம்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை. பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்டில் கேபுக்குள் உட்கார்ந்து, முன்னால் நகராமல் நிற்கும் பஸ்ஸின் நம்பர் பிளேட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது போன் வந்தது. முன்பு என்னிடம் வேலை பழகிய பையன். இப்போது மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு சின்ன சிப் டிசைன் கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறான்.

"அண்ணா, லைசன்ஸ் சர்வர் ஓடிட்டுதான் இருக்கு. பிங் போகுது. ஆனா ஒருத்தருக்கும் டூல் திறக்க மாட்டேங்குது."

"சனி, ஞாயிறுல என்ன பண்ணீங்க?"

"நாங்க ஒண்ணும் பண்ணலைண்ணா. ஏரியாவுல பெஸ்காம் மின்வாரிய வேலைன்னு நாள் பூரா கரன்ட் இல்ல. யுபிஎஸ் தீர்ந்து பெட்டி அணைஞ்சிடுச்சு. காலையில வந்து ஆன் பண்ணேன், அவ்ளோதான்."

"அதுக்கு முன்னாடி கடைசியா எப்ப ரீஸ்டார்ட் ஆச்சு?"

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. "நான் சேர்றதுக்கு முன்னாடிண்ணா. ரெண்டு வருஷம் இருக்கும். பெட்டி மேலயே 'முட்டபேடி'ன்னு எழுதி ஒட்டியிருக்காங்க."

முட்டபேடி என்றால் கன்னடத்தில் 'தொடாதீர்கள்'. நோய் அங்கேயே பிடிபட்டுவிட்டது. இன்ஜினியர்கள் அத்தனை பேரும் காபி கோப்பையோடு காரிடாரில் நிற்கிறார்கள், டேப்-அவுட்டுக்கு ஒன்பது நாள் இருக்கிறது. டேப்-அவுட் என்பது சிப்பின் வடிவமைப்பை முடித்துத் தயாரிப்பு ஆலைக்கு அனுப்பும் நாள். பெங்களூரில் கல்யாண முகூர்த்தத்தைக்கூடத் தள்ளிப்போட்டுவிடலாம், இதைத் தள்ள முடியாது.

இந்த ஊரில் அந்தப் பையனைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பார்கள். "நீயே பாத்துக்கப்பா" என்று லைசன்ஸ் சர்வர் தலையில் கட்டப்பட்டவர்கள். அவர்களுக்கும், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்களுக்கும்தான் இந்த எச்சரிக்கை. உங்கள் பெட்டி இன்று ஓடுகிறது என்பதால் நிம்மதியாக இருக்காதீர்கள். அடுத்த முறை அது அணைந்து எழும்போது என்ன ஆகும் என்று தெரியுமா? தெரியாவிட்டால் மேலே படியுங்கள்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிப் வடிவமைக்கும் மென்பொருளை ஆளுக்கொன்று வாங்கிக் கட்டுப்படியாகாது. ஐம்பது பேர் இருக்கும் இடத்தில் பத்து வாங்குவார்கள். தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்வார், மூடியதும் அது திரும்ப வந்துவிடும். இதுதான் ஃப்ளோட்டிங் லைசன்ஸ். நம் ஊர் வாடகை சைக்கிள் கடை ஞாபகம் இருக்கிறதா? பத்து வண்டி, ஒரு நீள நோட்டு, பெயர், எடுத்த நேரம். பத்தும் வெளியே போய்விட்டால் பதினோராவது ஆள் காத்திருக்க வேண்டியதுதான். கடைக்காரர் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால், உள்ளே பத்து வண்டியும் சும்மா நின்றாலும் நமக்கு நடைதான்.

அந்தக் கடைக்காரர்தான் லைசன்ஸ் சர்வர். இந்தத் தொழிலில் அதிகம் புழங்குகிறவர் 1980-களின் கடைசியில் பிறந்த ஃப்ளெக்ஸ்எல்எம். பல முதலாளிகளிடம் கை மாறி, இன்று ஃப்ளெக்ஸ்நெட் பப்ளிஷர் என்ற பெயரில் ரெவனெராவிடம் இருக்கிறார். கேடன்ஸ், சினாப்சிஸ், மேட்லேப், ஆன்சிஸ் என்று பெரிய பெயர்கள் பலவும் இவர் கடை வழியாகத்தான் வண்டி கொடுக்கின்றன.

கடையில் இரண்டு விதமான ஆட்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவர் பெயர் எல்எம்ஜிஆர்டி. பின்கட்டில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி ஆள், வெண்டர் டீமன் என்பார்கள். கேடன்ஸுக்கு சிடிஎஸ்எல்எம்டி, சினாப்சிஸுக்கு எஸ்என்பிஎஸ்எல்எம்டி, மேட்லேபுக்கு எம்எல்எம். வாசல்காரர் தன் கையால் வண்டி தரமாட்டார். "உங்க வண்டி இத்தனாம் நம்பர் அறையில, அங்க போய்க் கேளுங்க" என்று அனுப்பிவைப்பார். நிஜமான கொடுக்கல் வாங்கல் பின்கட்டில்தான்.

பையன் மாட்டிக்கொண்டது இந்தப் பின்கட்டில். வாசல்காரருக்கு நிலையான இடம் உண்டு. லைசன்ஸ் கோப்பின் முதல் வரியிலேயே அவருடைய போர்ட் எண் இருக்கும், இல்லாவிட்டால் 27000-லிருந்து 27009-க்குள் காலியான ஓரிடத்தில் உட்காருவார். பின்கட்டு ஆளுக்கு நாம் எண் எழுதிவைக்கவில்லை என்றால், பெட்டி எழும் ஒவ்வொரு முறையும் இயங்குதளம் கைகாட்டுகிற ஏதோ ஒரு அறையில் போய் உட்கார்ந்துகொள்வார். இன்று 41873 என்றால் அடுத்த முறை 35210. இரண்டு வருடம் முன்பு அந்தக் கம்பெனியில் சர்வரை நிறுவிய புண்ணியவான், அன்றைக்கு அவர் கண்ணில் பட்ட எண்ணைப் பார்த்து ஃபயர்வாலில் பின்கட்டுக்கென்று அந்த ஒரு கதவை மட்டும் திறந்துவைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருடம் எல்லாம் சுகம். சனிக்கிழமை கரன்ட் போனது, அறை மாறியது, புது அறையின் கதவு பூட்டியிருக்கிறது. பிங் போகும், வாசல்காரர் பதில் சொல்வார், சர்வரிலேயே உட்கார்ந்து எல்எம்ஸ்டாட் என்ற கட்டளையை அடித்துப் பார்த்தால் எல்லாம் நலம் என்று வரும். இன்ஜினியரின் திரையில் மட்டும் பிழை எண் மைனஸ் 15, சர்வரோடு இணைக்க முடியவில்லை.

மருந்து ஒரே ஒரு சொல். லைசன்ஸ் கோப்பில் வெண்டர் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'போர்ட்' என்று எழுதி, சமக்குறி போட்டு, ஒரு எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் பின்கட்டு ஆள் என்றைக்கும் அதே அறையில்தான். ஃபயர்வாலில் அந்த இரண்டு எண்களை மட்டும், அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்தால் போதும். லைசன்ஸ் கோப்பைத் தொட்டாலே கெட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சர்வரின் பெயர், போர்ட் எண்கள், டீமன் இருக்கும் பாதை, யாருக்கு எவ்வளவு என்று சொல்லும் ஆப்ஷன்ஸ் கோப்பின் பாதை இவற்றை நீங்கள் மாற்றலாம். கணினியின் அடையாள எண்ணான ஹோஸ்ட் ஐடியையும் ஒவ்வொரு டூலுக்கான வரிகளையும் மட்டும் தொடக்கூடாது. அவற்றில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாமல் மைனஸ் 8 வந்து நிற்கும்.

இதையெல்லாம் கேபிலிருந்தபடியே போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் அவனே திரும்ப அழைத்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அண்ணா, சரியாயிடுச்சு! நீங்க சொன்னதெல்லாம் பண்ண நேரம் இல்ல, மேனேஜர் தலைமேல நிக்கறாரு. ஃபயர்வாலையே ஆஃப் பண்ணிட்டேன். எல்லாருக்கும் ஓடுது."

எனக்கு நிஜமாகவே பயம் வந்தது அப்போதுதான். டூல் திறக்காத காலைப்பொழுது நாலு மணி நேர நஷ்டம். கதவையே கழற்றி வைத்துவிட்டு டூல் திறப்பதில் வரக்கூடிய நஷ்டத்துக்கு அளவு கிடையாது. ஆனால் பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். ஓடியதும் எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள், "அப்புறம் பாத்துக்கலாம்" என்ற அந்த அப்புறம் வரவே வராது. கிளவுடில் சர்வர் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், உலகத்தின் எல்லா ஐபி முகவரிக்கும் திறந்துவிட்டு, வீட்டிலிருந்து வேலை செய்ய வசதியாக இருக்கிறது என்கிறார்கள்.

லைசன்ஸ் சர்வரில் திருட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஃப்ளெக்ஸ்நெட்டின் 11.16.1.0 வரையிலான பதிப்புகளில் 2018-ஆம் ஆண்டின் வரிசை எண்களோடு நான்கு ஓட்டைகள் பதிவாயின. ஒன்று, தொலைவிலிருந்து நிரலை இயக்க வழிவிடக்கூடும் என்ற வகை. அப்படி இயக்கிக் காட்டியவர் யாருமில்லை என்று அந்த ஓட்டையின் பதிவுக் குறிப்பே சொன்னது உண்மைதான், ஆனால் டீமனைக் கவிழ்த்து சேவையை நிறுத்தினாலே உங்கள் டேப்-அவுட் போயிற்று. வேறு கடைக்காரர்களின் கதை இதைவிட மோசம். லைசன்ஸுக்குச் சாவியாக யுஎஸ்பியில் செருகும் சென்டினல் டாங்கிளோடு வரும் மென்பொருளில் 14 ஓட்டைகள் என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2018 ஜனவரியில் வெளியிட்டது. அதைவிட வயிற்றைக் கலக்கியது, டாங்கிளுக்கான டிரைவரை நிறுவும்போதே 1947 என்ற போர்ட், நம்மிடம் ஒழுங்காகச் சொல்லாமல் விண்டோஸ் ஃபயர்வாலின் விலக்குப் பட்டியலில் ஏறிக்கொள்ளும் என்பது. டாங்கிளைப் பிடுங்கிய பிறகும் கதவு திறந்தேதான் இருக்கும். 2020 செப்டம்பரில் கோட்மீட்டர் என்ற இன்னொரு லைசன்ஸ் மென்பொருளில் ஆறு ஓட்டைகளை கிளாரோட்டி நிறுவனம் அறிவித்தது. அதில் ஒன்றுக்கு ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் மென்பொருட்கள் பலவற்றுக்குள் அது பொதிந்து கிடந்ததால், தங்களிடம் அது இருப்பதே தெரியாமல் இருந்தவர்கள் ஏராளம்.

ஒரு சிப் கம்பெனிக்குள் லைசன்ஸ் சர்வர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எல்லா இன்ஜினியரின் கணினியும் அதோடு பேசும். எந்த இன்ஜினியர் எந்த டூலை எடுக்கிறார் என்று அதன் லாகில் இருக்கும். பக்கத்து ரேக்கில் முழு வடிவமைப்பும் இருக்கும். அந்தப் பெட்டிக்குள் நுழைந்தவனுக்கு அடுத்த அறை வெகுதூரம் இல்லை.

இது பெங்களூரின் தலைவலியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் இங்கே வந்து சிப் வடிவமைப்பைத் தொடங்கியது. அதன் செயற்கைக்கோள் கருவி மாட்டு வண்டியில் வந்திறங்கிய கதையை இந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். அதன்பின் உலகத்தின் சிப் கம்பெனிகள் பலவும் இங்கே கிளை விரித்தன. இன்று பையப்பனஹள்ளியில், பழைய மதராஸ் ரோட்டில் இருக்கும் சி-டாக் என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் வளாகத்திலிருந்து சிப்-இன் மையம் என்ற அரசு ஏற்பாடு இயங்குகிறது. நாடு முழுக்க இருக்கும் கல்லூரிகளும் ஸ்டார்ட்அப்களும் விலை உயர்ந்த வடிவமைப்பு டூல்களை அங்கிருந்து பகிர்ந்துகொள்கின்றன. 2022-ல் விண்ணப்பம் கோரிய 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டத்தின் இலக்கு, ஐந்து ஆண்டுகளில் 85,000 பேருக்குப் பயிற்சி.

நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு மூலையில் ஒரு சர்வர், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆய்வக உதவியாளர் என்று இருக்கும். அவர் லீவு போட்டால் லேபுக்கும் லீவு. ஒரே இடத்தில் தெரிந்தவர்கள் நடத்துவது எவ்வளவோ மேல். ஆனால் எனக்குள் ஓர் உறுத்தல். இப்படிப் படித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு லைசன்ஸ் என்பது குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர். அந்தத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியது கிடையாது. அவர்களில் ஒருவர் ஆறு பேர் இருக்கும் ஸ்டார்ட்அப்பில் சேர்கிறார். முதலாளி சொல்கிறார், "உனக்குத்தான் லினக்ஸ் தெரியுமே, இந்த சர்வரைப் போட்டுடு." அப்புறம் தொடங்குகிறது கூத்து.

முதல் கூத்து ஹோஸ்ட் ஐடி. லைசன்ஸ் கோப்பு ஒரு குறிப்பிட்ட கணினியின் நெட்வொர்க் கார்டு எண்ணுக்கு, அதாவது மேக் முகவரிக்குக் கட்டுப்பட்டது. ஒரு இடத்தில் மேனேஜரின் பழைய லேப்டாப்பையே சர்வராக்கி, அதில் செருகியிருந்த யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரின் எண்ணைக் கொடுத்து லைசன்ஸ் வாங்கிவிட்டார்கள். ஒருநாள் மீட்டிங் ரூமில் யாருக்கோ அடாப்டர் தேவைப்பட்டது. சும்மாதானே இருக்கிறது என்று பிடுங்கிக்கொண்டு போனார். அடுத்த முறை சர்வர் எழுந்ததும் மைனஸ் 9, இது வேறு கணினி என்று கைவிரித்துவிட்டது. அந்த அடாப்டரை எந்த மேசை டிராயரில் போட்டார்கள் என்று தேடவே அரை நாள் ஆனது. மெய்நிகர் கணினியில் வைத்தால் இதே ஆபத்து வேறு வேஷத்தில் வரும். நகல் எடுத்தாலோ வேறு இடத்துக்கு மாற்றினாலோ மேக் முகவரி மாறிவிடலாம். அதை நிலையாகப் பூட்டிவைக்கத் தெரியவேண்டும், மெய்நிகர் கணினியில் ஓட்ட ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். லினக்ஸில் பழைய டீமன்கள் எத்-0 என்ற பெயரில் மட்டுமே நெட்வொர்க் கார்டைத் தேடும். இன்றைய லினக்ஸ் வேறு பெயர் வைத்திருக்கும், ஹோஸ்ட் ஐடி காலியாக வந்து நிற்கும்.

லினக்ஸில் இன்னொரு வேடிக்கை. டீமன் கோப்பு கண்ணெதிரே இருக்கும். இயக்கினால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று சொல்லும். எத்தனையோ பேர் இந்த இடத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். இல்லாதது அந்தக் கோப்பு அல்ல, அதை ஏற்றிவிடும் எல்எஸ்பி என்ற துணைத்தொகுப்பு. அதை நிறுவினால் தீர்ந்தது. ஆத்திரத்தில் ரூட் அதிகாரத்தோடு ஓட்டிப் பார்ப்பவர்கள்தான் பின்னால் மாட்டுகிறார்கள். டீமன் ஒன்றுக்கு மேல் ஓடாதபடி ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்கிக்கொள்ளும். ரூட் உருவாக்கிய பூட்டைச் சாதாரணப் பயனர் நீக்க முடியாது. மறுநாள் முறையாக ஓட்டினாலும் பின்கட்டு ஆள் எழமாட்டார். நிறுத்தும்போதும் எல்எம்டவுன் என்ற கட்டளையால் நிறுத்துங்கள். லினக்ஸின் 'கில் மைனஸ் 9' கட்டளையைப் போட்டால் வாசல்காரர் மட்டும் சாவார், பின்கட்டு ஆள் அறையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருப்பார். லைசன்ஸ் சர்வருக்கென்று தனியாக, அதிகாரம் குறைந்த ஒரு பயனர் கணக்கு வைத்துவிடுங்கள். எல்எம்டவுனை நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் அடித்துவிட முடியாதபடி பூட்டும் வசதி வாசல்காரரிடமே இருக்கிறது. பயிற்சிக்கு வந்த மாணவர் ஆர்வத்தில் அடித்துப் பார்த்து ஒரு மாடி முழுவதையும் நிறுத்திய கதையெல்லாம் உண்டு.

கடிகாரத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. பழைய பெட்டியில் மதர்போர்டின் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால், கரன்ட் போய் வந்ததும் தேதி சில வருடம் பின்னால் போய்விடும். லைசன்ஸ் மென்பொருளுக்கு அது களவாணித்தனம் மாதிரிதான் தெரியும். காலாவதியான லைசன்ஸை நீட்டிக்கக் கடிகாரத்தைப் பின்னால் திருப்புகிறார்கள் என்று நினைத்து மைனஸ் 88 கொடுத்து நிறுத்திவிடும். நெட்வொர்க் வழியே கடிகாரத்தைத் திருத்தும் என்டிபி மூலம் நேரத்தைச் சரியாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அது சட்டமும்கூட. சைபர் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, தேசிய தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றை அடியொற்றும் சர்வர்களோடு கணினிகளின் நேரத்தை ஒத்துவைக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

லாக் என்றதும் ஒரு பொறி ஞாபகம் வருகிறது. வாசல்காரரைத் தொடங்கும்போது லாக் கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போடவேண்டும். போடாவிட்டால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் பழைய லாக் அழிந்து புதிதாகத் தொடங்கும். பையனுடைய கம்பெனியில் அந்தக் கூட்டல் குறி இல்லை. இரண்டு வருட லாக் திங்கட்கிழமை காலை ஆன் பட்டனை அழுத்திய நொடியில் போய்விட்டது. அதில்தான் யாருக்கு எத்தனை முறை லைசன்ஸ் மறுக்கப்பட்டது என்ற கணக்கு இருந்தது. அடுத்த வருடத்துக்கு எத்தனை வாங்குவது என்று முடிவெடுக்கக் கையிலிருந்த ஒரே சாட்சி.

யாருக்கு எவ்வளவு என்ற பங்காளிச் சண்டையும் இந்தப் பெட்டியில்தான் நடக்கும். ஆப்ஷன்ஸ் கோப்பு என்று ஒன்று உண்டு. அதில் ஒரு டீமுக்கென்று ரிசர்வ் போட்டுவிட்டால் அவர்கள் பயன்படுத்தாதபோதும் அந்த வண்டிகள் கடையிலேயே நிற்கும், மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இன்க்ளூட் போட்டால் இன்னும் விபரீதம். நாலு பேர் பெயரைச் சேர்த்ததும் அந்த நாலு பேரைத் தவிர மற்ற எல்லோரும் அந்த டூலுக்கு வெளியே போய்விடுவார்கள். நிறைய பேர் இதைச் 'சலுகை' என்று நினைத்து எழுதிவிட்டு, மதியம் அலுவலகம் கொந்தளித்த பிறகுதான் புரிந்துகொள்கிறார்கள்.

அப்புறம் பொங்கல் பிரச்சினை. ஒருவர் விஎன்சி என்ற தொலைத் திரையில் டூலைத் திறந்துவைத்தபடி மடிவாளாவில் பஸ் ஏறி சேலம் போய்விட்டார். நாலு நாள் ஒரு லைசன்ஸ் அவர் பெயரில் சும்மா கிடந்தது. ஆப்ஷன்ஸில் டைம்-அவுட் போட்டால், டூல் அதற்கு ஒத்துழைக்கும்பட்சத்தில், கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டி தானாகக் கடைக்குத் திரும்பும். லேப்டாப்பில் லைசன்ஸை 'பாரோ' செய்து, அதாவது கடனாக எடுத்துக்கொண்டு போனவர் விஷயத்தில் அந்த வசதியும் இல்லை. லேப்டாப் தொலைந்தாலும் குறித்த தேதி வரும்வரை அந்த லைசன்ஸ் திரும்பாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இந்த ஊரே வீட்டுக்குப் போனதே, அப்போது வெளிப்பட்ட கோளாறையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றும் அது தீரவில்லை. விபிஎன் போட்டு, சர்வரின் ஐபி முகவரியைச் சரியாகக் கொடுத்தாலும் டூல் திறக்காது. வாசல்காரர் லைசன்ஸ் கோப்பில் எழுதிய பெயரைச் சொல்லித்தான் பின்கட்டுக்கு அனுப்புவார். அலுவலகத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் குறும்பெயர் பிடிஎம் லேஅவுட்டில் இருக்கும் வீட்டு நெட்வொர்க்குக்குத் தெரியாது. கோப்பில் முழுப் பெயரை எழுதினால் வேலை முடிந்தது. சர்வரை மாற்றிய பிறகு டூல் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது என்றால், பழைய சர்வரின் முகவரி பயனரின் ஹோம் டைரக்டரியில் ஒளிந்திருக்கும் ஃப்ளெக்ஸ்எல்எம்ஆர்சி கோப்பில் இருக்கிறதா பாருங்கள். டூல், செத்துப்போனவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் புது வீட்டுக்கு வரும்.

"எங்ககிட்ட மூணு சர்வர் இருக்கு, ஒண்ணு போனாலும் கவலையில்ல" என்று பெருமை பேசுகிறவர்களையும் பார்க்கிறேன். மூன்று சர்வர் ஏற்பாட்டில் குறைந்தது இரண்டு உயிரோடு இருந்தால்தான் லைசன்ஸ் கிடைக்கும். இரண்டு விழுந்தால் மூன்றாவது தனியாக இருந்து பயனில்லை. அந்த மூன்றும் ஒரே பெட்டிக்குள் மூன்று மெய்நிகர் கணினிகளாக, ஒரே யுபிஎஸ்ஸில், ஒரே பேஸ்மென்ட்டில் இருந்தால்? 2022 செப்டம்பர் தொடக்கத்து மழையில் பெல்லந்தூர்ப் பக்கம் டெக் பார்க்குகளுக்குள் தண்ணீர் புகுந்து, ஐடி ஊழியர்கள் டிராக்டர் ஏறி வேலைக்குப் போனார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு டிராக்டர் தெரியவில்லை, பேஸ்மென்ட் ரேக்குகள்தான் தெரிந்தன.

கடைசியாக, வாய்விட்டுச் சொல்ல எல்லோரும் தயங்கும் ஒன்று. பணம் இல்லாத ஸ்டார்ட்அப்களில் 'க்ராக்' செய்யப்பட்ட டீமன்கள் பென் டிரைவில் சுற்றுகின்றன. காசில்லாமல் கற்றுக்கொள்கிறோம், என்ன தப்பு என்பார்கள். தப்பு இரண்டு. யாரோ முகம் தெரியாதவர் திருத்திய ஒரு நிரலை உங்கள் நெட்வொர்க்கின் நடுவில் எப்போதும் ஓடும்படி நீங்களே உட்காரவைக்கிறீர்கள், இது முதலாவது. இரண்டாவது, திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 63-பி-யில் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பூட்டை உடைப்பதற்கு, 2012 திருத்தத்தில் வந்த 65-ஏ தனி. நேர்மையாக வாங்கியவர்களும் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பெங்களூர் அலுவலகத்துக்கு மட்டும் என்று வாங்கிய லைசன்ஸை விபிஎன் வழியாகக் கோயம்புத்தூர்க் கிளையும் எடுத்தால், யார், எந்தக் கணினி, எத்தனை மணி என்று உங்கள் லாகே ஆடிட்டரிடம் சொல்லும்.

அன்று பையனிடம் நான் கெஞ்சாத குறை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் எல்லோரையும் டூலை மூடச் சொல்லி, போர்ட் எண்ணை எழுதி, எல்எம்டவுன் கொடுத்து, முறையாக எழுப்பி, ஃபயர்வாலைத் திரும்பப் போட்டான். டேப்-அவுட் முடிந்த அடுத்த சனிக்கிழமை நானே மாரத்தஹள்ளிக்குப் போனேன். லைசன்ஸ் கோப்பையும் ஆப்ஷன்ஸ் கோப்பையும் வேறோர் இடத்தில் நகல் எடுத்தோம். ஃப்ளெக்ஸ்நெட் பதிப்பைப் பார்த்தோம், பழையது. வாசல்காரரின் பதிப்பு பின்கட்டு ஆளுடையதைவிடப் பழையதாக இருக்கக்கூடாது, பின்கட்டு ஆளுடையது டூலைவிடப் பழையதாக இருக்கக்கூடாது, அந்த வரிசையில் புதிதாக ஏற்றினோம். ஒவ்வொரு லைசன்ஸும் முடியும் தேதியை வெள்ளைப் பலகையில் எழுதினோம். ஒன்று அடுத்த மாதம் முடிகிறது, அது அக்கவுன்ட்ஸில் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு, அலுவலகத்தில் ஆளில்லாத அந்த மதியத்தில், வேண்டுமென்றே பெட்டியை அணைத்தோம். அவன் கை நடுங்கியது. மூன்று முறை அணைத்து எழுப்பினோம். மூன்று முறையும் பின்கட்டு ஆள் அதே அறையில். வேறொரு மாடியிலிருந்த கணினியில் டூலைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான். கிளம்பும்போது பெட்டியிலிருந்த 'முட்டபேடி' தாளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு தாளை ஒட்டினான். 'கடைசியாக ரீஸ்டார்ட் செய்தது' என்று எழுதி, பக்கத்தில் தேதி.